வராமற்போன தோழரை விசாரித்தீர்களா?



நம் ஊர்களில் பொதுப்பணிச் சங்கங்களுக்குக் குறைவில்லை. மய்யித்தைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டு அடக்கம் செய்வதற்கென ஒன்று, ரமளானில் கஞ்சி காய்ச்சுவதற்கென ஒன்று, ஏழைக் குமர்களின் நிக்காஹுக்கு உதவுவதற்கென ஒன்று எனத் தெருவுக்கொரு பெயர்ப்பலகை தொங்குகிறது. இவற்றுள் சில நம் பாட்டன்மார் காலத்தில் ஏதோ ஒரு திண்ணையிலோ, தேநீர்க் கடையின் பின்கட்டிலோ தோன்றியவை. ஐம்பது ஆண்டுகளைக் கடந்தும் அவை நிலைத்திருப்பது அல்லாஹ்வின் பெரும் ரஹ்மத். ஆண்டுகள் நிறையும்போது பொன்விழா எடுக்கிறார்கள்; மலர் வெளியிடுகிறார்கள். அத்தகைய மலர்கள் பல நம் மதரஸாவின் அலமாரியில் கிடக்கின்றன. வாழ்த்துச் செய்திகள், வந்து சென்ற பிரமுகர்களின் படங்கள், வழங்கிய தையல் இயந்திரங்களின் எண்ணிக்கை, கடைக்காரர்களின் விளம்பரங்கள் யாவும் அவற்றில் உண்டு. தலைவர், செயலாளர், பொருளாளர் பட்டியலும் உண்டு.

இத்தனை ஆண்டுகளாக இந்த மனிதர்களை நள்ளிரவில் எழுப்பி மையவாடிக்கு அழைத்து வந்தது எது என்பதை மட்டும் எந்த மலரிலும் நாம் படித்ததில்லை. நன்மையின் மீதுள்ள ஆசை என்று விடை சொல்வார்கள். அது மெய். அந்த ஆசையோடு, கூட்டாளி ஒருவன் வந்து கதவைத் தட்டினான் என்பதும் மெய். மழையில் தனியாகக் கபுறு தோண்டப் போகிறவர் எவருமில்லர். மண்வெட்டியை ஒருவர் பிடிக்க, சரிகிற மணலைப் பலகை வைத்து மற்றொருவர் தடுக்க, மூன்றாமவர் அரிக்கன் விளக்கைத் தூக்கிக்கொண்டு நிற்க, அந்த மூவருக்குமிடையே வளர்ந்ததுதான் சங்கம். பெயர்ப்பலகையும் இரசீதுப் புத்தகமும் பின்னர் வந்து சேர்ந்தவை.

ஆகவே நீண்ட காலம் நிலைத்த ஒரு தொண்டு அமைப்பைப் பார்க்கும்போது நாம் முதலில் கேட்க விரும்புவது, அது எத்தனை ஜனாஸாக்களை அடக்கியது என்பதை அன்று. வராமற்போன தன் உறுப்பினரை அது விசாரித்ததா என்பதைத்தான்.

இந்தக் கேள்வியை நாமாக இட்டுக் கட்டவில்லை. மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அவர் பெண்மணியா, இளைஞரா என்பதில் அறிவிப்பாளருக்கு ஐயம் இருந்தது. பெண்மணி என்பதையே விரிவுரையாளர் பலர் ஏற்பர். உம்மு மிஹ்ஜன் என்ற பெயரும் சில அறிவிப்புகளில் வருகிறது. சில நாட்களாக அவரைக் காணாத நபி (ஸல்) அவர்கள், அவர் எங்கே என்று கேட்டார்கள். இறந்துவிட்டார் என்று தோழர்கள் சொன்னார்கள். எனக்குத் தெரிவித்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் வருந்திக் கேட்டார்கள். அவருடைய காரியத்தைத் தோழர்கள் சிறிதாகக் கருதிவிட்டிருந்தார்கள் என்று அறிவிப்பில் வருகிறது. பிறகு கபுறு எங்கே எனக் கேட்டு, அவ்விடம் சென்று தொழுதார்கள்.

மதரஸாவில் இந்த ஹதீஸை நடத்தும்போது, கபுறின் மீது ஜனாஸாத் தொழுகை கூடுமா என்ற சட்டத்திலேயே ஒரு பாடவேளை கழிந்துவிடும். ஷாஃபி மத்ஹபில் கூடும், ஹனஃபி மத்ஹபில் நிபந்தனைகள் உண்டு, மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள், மணி அடித்துவிடும். சட்டம் அவசியமானதே. ஆனால் அந்தச் சட்டம் பிறப்பதற்கு முன் நிகழ்ந்த ஒன்று இருக்கிறது. ஓர் அரசின் தலைவர், படைகளை அனுப்புகிறவர், தூதுக்குழுக்களைச் சந்திக்கிறவர், வஹீயைச் சுமக்கிறவர், பள்ளிவாசலில் துடைப்பம் பிடித்த ஒருவர் சில நாட்களாக வரவில்லை என்பதைக் கவனித்தார்கள். பள்ளிவாசல் அழுக்கடைந்ததால் கேட்டார்கள் என்று எந்த அறிவிப்பிலும் இல்லை. பணி தடைபட்டதா என்பது அங்குக் கேள்வியாகவே எழவில்லை.

நம் சங்கங்களிலோ, பணி தடைபட்டால்தான் ஆள் நினைவுக்கு வருகிறார். ஓர் ஊரை நாம் அறிவோம். அங்குள்ள சங்கத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கபுறு அளவெடுத்த பெரியவர் ஒருவர் முழங்கால் தேய்ந்து படுத்துவிட்டார். அவருடைய பேரன் நம் மக்தபில் ஓதியதால் நாம் பார்க்கச் சென்றிருந்தோம். மய்யித்தின் உயரத்தை அளக்கிற கழி அவருடைய கட்டிலுக்குப் பின்னே சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அந்த வாரத்தில் யார் மவுத்தானார், மையவாடியின் எந்தப் பக்கம் இடம் பார்த்தார்கள் என்று அவர் கேட்டார். கிழக்கு மூலை என்றோம். “அங்க மூணடிக்குக் கீழ மணல் சரியும் ஹஜ்ரத். பலகை போட்டாங்களா?” என்றார். போட்டிருப்பார்கள் என்றோம். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “நான் இன்னும் மவுத்தாகலைங்கிறது சங்கத்துல தெரியுமா ஹஜ்ரத்?” என்று கேட்டார். வெடுக்கென்று கேட்கவில்லை; ஏதோ தபால் விவரம் கேட்பவர் போலக் கேட்டார். மூன்று ஆண்டுகளில் சங்கத்திலிருந்து ஒருவரும் அந்தப் படியேறவில்லை என்று அவருடைய மகன் பிறகு சொன்னார்.

அச்சங்கத்தார் கெட்டவர்களில்லை. பெரியவர் இறந்திருந்தால் அரை மணி நேரத்தில் சந்தூக்கு வந்திருக்கும், கஃபன் துணி வந்திருக்கும், நான்கு தெரு ஆண்கள் திரண்டிருப்பார்கள். ஒரு மனிதர் மய்யித்தாகிவிட்டால் அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அச்சங்கம் முழுமையாக அறிந்து வைத்திருக்கிறது. உயிரோடு கட்டிலில் கிடக்கிறவருக்குச் செய்வதற்கு அதனிடம் விதிமுறை இல்லை.

இங்கு ஒரு மறுப்பு எழும். நம்மிடமே சிலர் சொல்லியிருக்கிறார்கள். “கித்மத் என்பது அல்லாஹ்வுக்காகச் செய்வது. என்னை எவரும் பார்க்க வரவில்லை, எவரும் பாராட்டவில்லை என்று ஒருவர் வருந்தினால் அவருடைய இக்லாஸில் குறை இருக்கிறது.” இது கேட்பதற்கு மிகவும் தக்வா நிறைந்த பேச்சாகத் தெரிகிறது. ஆனால் யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அந்தப் பெரியவர் தம்மைக் குறித்து அப்படிச் சொல்லிக்கொண்டால் அது இக்லாஸ். பார்க்கப் போகாதவர்கள் சொன்னால் அது சோம்பலுக்குத் தேடிய ஆதாரம். பெருக்கிய பெண்மணி பாராட்டை எதிர்பார்த்தார் என்று எவரும் சொல்லவில்லை. ஆயினும் அவரை விசாரிப்பது தம் கடமை என்று நபியவர்கள் கொண்டார்கள். தொண்டருடைய இக்லாஸை அல்லாஹ் பார்த்துக்கொள்வான். தொண்டரைப் பார்ப்பது நம் வேலை. நோயாளியைச் சந்திப்பதும் ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் மீதுள்ள உரிமைகளுள் ஒன்றாக ஹதீஸில் எண்ணப்பட்டுள்ளது. சங்க உறுப்பினருக்கு அதில் விலக்கு எதுவுமில்லை.

மதீனாவின் சமுதாயமே தோழமையைக் கொண்டுதான் அடித்தளமிடப்பட்டது என்பதை நாம் அடிக்கடி மேடைகளில் பேசுகிறோம். ஹிஜ்ரத்துக்குப் பின் முஹாஜிர்களில் ஒருவரையும் அன்ஸார்களில் ஒருவரையும் இணைத்து நபி (ஸல்) அவர்கள் சகோதரர்களாக்கினார்கள். சஅத் பின் ரபீஉ (ரழி) தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்ததும், அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) துஆச் செய்துவிட்டுக் கடைவீதிக்கு வழி கேட்டதும், பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுப் பிழைத்ததும் அனைவரும் அறிந்தவை. அந்த இணைகளில் நமக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. ஸல்மான் (ரழி) அவர்களும் அபுத் தர்தா (ரழி) அவர்களும்.

ஸல்மான் ஒருநாள் தம் சகோதரரின் வீட்டுக்குச் செல்கிறார். வீட்டுப் பெண்மணி உம்முத் தர்தா (ரழி) தம்மைப் பேணாத கோலத்தில் இருக்கக் கண்டு காரணம் கேட்கிறார். உம் சகோதரருக்கு உலகின் மீது நாட்டமில்லை என்ற பொருள்பட அவர் விடை சொல்கிறார். அபுத் தர்தா உணவு வைத்துவிட்டு, தமக்கு நோன்பு என்கிறார். நீர் உண்ணாமல் நான் உண்ணேன் என்று ஸல்மான் அவரை உண்ண வைக்கிறார். இரவில் தொழ எழுந்தவரைப் படுக்கச் சொல்கிறார். மீண்டும் எழுந்தவரை மீண்டும் படுக்கச் சொல்கிறார். இரவின் கடைசியில் இருவரும் எழுந்து சேர்ந்து தொழுகிறார்கள். இறைவனுக்கும், உமக்கும், உம் குடும்பத்துக்கும் உம்மீது உரிமை உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடும் என்று சொல்கிறார். செய்தியைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், ஸல்மான் சொன்னது உண்மை என்றார்கள்.

இப்போது நம் கஞ்சிச் சங்கத்தை எண்ணிப் பாருங்கள். ரமளான் முப்பது நாளும் லுஹர் தொழுகைக்கு முன்பே அடுப்பருகே நிற்கிற இளைஞர் ஒருவர் எல்லாச் சங்கத்திலும் இருப்பார். தேக்ஸாவைக் கிளறுவதும் அவரே, வாளியில் ஊற்றிக் கொடுப்பதும் அவரே, தராவீஹுக்குப் பின் பாத்திரம் கழுவுவதும் அவரே. கடையில் விடுப்பெடுத்து, வீட்டில் மனைவியின் மனத்தாங்கலைச் சுமந்துகொண்டு வருகிறார். அவரை எல்லோரும் புகழ்கிறார்கள். “மாஷா அல்லாஹ், இவர் இல்லாவிட்டால் சங்கமே இல்லை” என்கிறார்கள். ஸல்மானைப் போல ஒருவர் அவர் தோளைத் தொட்டு, “தம்பி, இன்று நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வீட்டில் பிள்ளைகளோடு நோன்பு திற” என்று சொல்ல வேண்டும். சொல்கிறவர் மிகக் குறைவு. ஏனெனில் அவர் வராவிட்டால் தேக்ஸாவைக் கிளற வேண்டியவர் சொல்கிறவர்தாம். ஐந்தாறு ரமளான் இவ்விதம் சென்ற பின் அந்த இளைஞர் ஒருநாள் வராமல் நின்றுவிடுவார். அப்போது அவருக்கு ஈமான் குறைந்துவிட்டது என்று பேசிக்கொள்வார்கள்.

தோழமையையே தொழிலாக்கிக்கொண்ட ஓர் அமைப்பு நம் வரலாற்றில் இருந்தது. மதுரை வரை வந்து சென்ற இப்னு பதூதா, அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், கி.பி. 1330களில், இன்றைய துருக்கி நாட்டின் அனத்தோலியா ஊர்களில் அலைந்தபோது ‘அகீ’ எனப்பட்ட இளைஞர் குழுக்களைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். அவ்வூர்களின் கைத்தொழிலாளர்கள் தமக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்துகொண்டு, ஒரு ஸாவியாவைக் கட்டி, விரிப்பும் விளக்கும் வைத்திருந்தார்கள். பகலில் அவரவர் தொழில். அஸருக்குப் பின் அன்றைய சம்பாத்தியத்தைக் கொண்டுவந்து பொதுவில் சேர்ப்பார்கள். அதைக் கொண்டு பழமும் உணவும் வாங்கி, ஊருக்கு வந்த வழிப்போக்கருக்கு விருந்தளிப்பார்கள். வழிப்போக்கர் எவரும் வராத நாளில் தாங்களே கூடி உண்பார்கள்.

அனத்தாலியா நகரில் நைந்த உடையும் கம்பளித் தொப்பியும் அணிந்த ஒருவர் வந்து இப்னு பதூதாவை விருந்துக்கு அழைத்தார். இந்த ஏழையை நாம் சிரமப்படுத்தலாமா என்று பயணி தயங்கினார். உடனிருந்த ஷைகு சிரித்தார். அழைத்தவர் செருப்புத் தைப்பவர். ஏறத்தாழ இருநூறு தொழிலாளர்களின் தலைவர் என்று விளக்கினார். அன்றிரவு பளிச்சிடும் விளக்குகளின் நடுவே விருந்து நடந்தது.

இந்தச் செய்தியில் நாம் நின்று யோசிப்பது, வழிப்போக்கர் வராத நாளைப் பற்றித்தான். அன்று அவர்கள் ஸாவியாவைப் பூட்டிவிட்டுப் போகவில்லை. பயனாளி இல்லையென்றால் கூட்டமும் இல்லை என்ற கணக்கு அவர்களிடம் இல்லை. நம் தெற்குச் சீமையின் கடற்கரை ஊர்களில் மூவரோ நால்வரோ ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. ஒரே தட்டில் கைவைத்து உண்கிறவனோடு நெடுநாள் முகம் திருப்பிக்கொண்டிருப்பது கடினம். பல சங்கங்களில் பணி முடிந்ததும் பிளாஸ்டிக் டப்பாவில் பிரியாணியைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நேரம் மிச்சமாகிறதாம்.

அகீக்களிடம் குறை இல்லாமலில்லை. லாதிக் எனப்பட்ட தெனிஸ்லி ஊரில் நுழைந்தபோது, கடைகளிலிருந்து சிலர் இறங்கி வந்து இப்னு பதூதாவின் குதிரைக் கடிவாளத்தைப் பற்றினார்கள். வேறு சிலர் வந்து அவர்களோடு மல்லுக்கு நின்றார்கள்; கத்தியை உருவினார்கள். கொள்ளையர்கள் என்று பயணி நடுங்கிவிட்டார். அரபி தெரிந்த ஒருவர் வந்து, இவர்கள் அகீ ஸினானின் ஆட்கள், அவர்கள் அகீ துமானின் ஆட்கள், உம்மைத் தத்தம் இடத்துக்கு அழைத்துப் போகவே சண்டையிடுகிறார்கள் என்று விளக்கினார். கடைசியில் சீட்டுப் போட்டு, முதலில் ஸினானின் இடம், அடுத்துத் துமானின் இடம் என்று முடிவாயிற்று. வெள்ள நிவாரணப் பொட்டலங்களை எந்தச் சங்கம் வழங்குவது என்று ஒரே தெருவில் இரு பதாகைகள் மோதிக்கொள்வதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர்களாவது சீட்டுப் போட்டார்கள்.

தோழமை இறுகிப்போனால் கோட்டையாகிவிடும் என்பதை மறைப்பதில் பயனில்லை. நான்கு நண்பர்கள் தொடங்கிய சங்கம், நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்நான்கு வீட்டாரின் சங்கமாகவே இருப்பதைப் பார்க்கிறோம். புதிதாக வருகிற இளைஞன் நாற்காலி எடுத்துப் போடலாம். மஷூராவில் வாய் திறந்தால், “நீ பிறப்பதற்கு முன்னிருந்தே நாங்கள் செய்கிறோம்” என்பார்கள். கணக்குக் கேட்டால் நட்பைச் சந்தேகிப்பதாகக் கோபம் வரும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளும்படி அல்-பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அது. முஃமின்களை விளித்தே தொடங்குகிறது. ஒருவரையொருவர் நம்புகிற மக்களுக்கே அது சொல்லப்பட்டது. பொருளாளர் நம் உயிர்த்தோழர் என்றால், ஆண்டுதோறும் அவருடைய ஏட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதே அவருக்கு நாம் செய்கிற நன்மை. நாளை அவர் மவுத்தான பின் அவர் பிள்ளைகளை நோக்கி ஒரு விரலும் நீளாது.

இனி, எழுதத் தயங்குகிற ஒன்றையும் எழுதியாக வேண்டும். கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் தமிழகத்து ஜமாஅத்துகளில் ஏற்பட்ட கருத்துப் பிளவுகள் எத்தனை சங்கங்களை இரண்டாக்கின என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். தராவீஹ் எட்டா இருபதா, அத்தஹிய்யாத்தில் விரலை அசைப்பதா நீட்டுவதா, பிறையை எப்படிக் கணிப்பது, தர்காவுக்குப் போகலாமா என்று எழுந்த வாதங்களில் எது சரி என்பதைப் பேச இது இடமன்று. நமக்கென்று ஒரு நிலை உண்டு, அதை மதரஸாவில் பேசுகிறோம். இங்கு நாம் குறிப்பது வேறு. ஒரே கபுறுக்குள் இறங்கி, மேலிருந்து தரப்பட்ட மய்யித்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் கிடத்திய இருவர், அந்த வாதத்திற்குப் பின் கடைத்தெருவில் ஸலாம் சொல்லாமல் கடக்கிறார்கள். ஒருவருடைய மகள் நிக்காஹுக்கு மற்றவர் போகவில்லை. இருவருமே தத்தம் புதிய சங்கத்தில் ஜனாஸாப் பணியைத் தொடர்கிறார்கள். பணி நின்றுவிடவில்லை, இரட்டிப்பாகியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். இத்தகைய இருவர் இல்லாத ஊரை நாம் அதிகம் கண்டதில்லை.

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக் பயணத்தில் கலந்துகொள்ளாமல் பின்தங்கிய கஅபு பின் மாலிக் (ரழி) அவர்களின் வரலாற்றை இவ்விடத்தில் வாசிக்க வேண்டும். அது உண்மையான குற்றம், விரலசைப்பது போன்றதன்று. ஐம்பது இரவுகள் எவரும் அவரோடு பேசக்கூடாது என்ற தண்டனையும் விதிக்கப்பட்டது. ஆனால் அந்த வரலாற்றின் இரு முனைகளிலும் இரண்டு தோழர்கள் நிற்கிறார்கள். தபூக்கில் நபி (ஸல்) அவர்கள், கஅபுக்கு என்னவாயிற்று என்று கேட்டபோது, ஒருவர் அவருடைய ஆடம்பரத்தைச் சுட்டிக் குறைகூறினார். உடனே முஆத் பின் ஜபல் (ரழி) எழுந்து, நீர் சொன்னது மோசமான சொல், அவரிடம் நன்மையைத் தவிர வேறெதையும் நாம் அறியோம் என்று மறுத்தார். அந்த மனிதர் அங்கு இல்லை. அவர் செய்தது சரியுமில்லை. ஆயினும் இல்லாதவருக்காகப் பேச ஒருவர் இருந்தார். பின்னர் மன்னிப்பு இறங்கி, கஅபு பள்ளிவாசலுக்குள் நுழைந்தபோது, தல்ஹா பின் உபைதுல்லாஹ் (ரழி) எழுந்து ஓடிவந்து கைகுலுக்கி வாழ்த்தினார். முஹாஜிர்களில் வேறெவரும் எழவில்லை என்றும், தல்ஹாவின் அச்செயலைத் தாம் மறக்கவே இல்லை என்றும் கஅபு முதுமையில் சொல்லியிருக்கிறார்.

பெருந்துயர்களின்போது மட்டும் நம் சங்கங்கள் இப்பகையை மறந்துவிடுவதுண்டு. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்தபோது நாகப்பட்டினக் கரையில் யாருடைய உடல், எந்த மதம் என்று பாராமல் தூக்கினார்கள். 2015இல் சென்னை மூழ்கியபோது பள்ளிவாசல்களே தங்குமிடங்களாயின. 2020, 2021 கொரோனா ஆண்டுகளில், பெற்ற மக்களே நெருங்க அஞ்சிய உடல்களை நம் இளைஞர்கள் பல அமைப்புகளின் பெயரால், பாதுகாப்பு உடையணிந்து, அவரவர் சமய முறைப்படி அடக்கமும் தகனமும் செய்தார்கள். எட்டும் இருபதும் அன்று ஒரே ஆம்புலன்ஸில் ஏறின. முகமூடிக்குள் எவர் எந்த ஜமாஅத் என்று தெரியவில்லை என்று ஓர் இளைஞர் நம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். முகமூடி கழன்றதும் தெரிந்துவிட்டது போலும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் தோழமைக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கி, தோழருக்குரிய எட்டு உரிமைகளை விரித்துரைக்கிறார். பொருளால் உதவுவது தொடங்கி, குறையைப் பேசாதிருத்தல், மன்னித்தல், துஆச் செய்தல் எனச் செல்லும் அவ்வரிசையில் ‘வஃபா’ ஒன்று. மரணம் வரை அன்பில் உறுதியாயிருத்தல். மரணத்திற்குப் பின் அந்த அன்பை அவருடைய பிள்ளைகளிடமும் தோழர்களிடமும் தொடர்தல். அன்னை கதீஜா (ரழி) மறைந்த பின்னும் நபி (ஸல்) அவர்கள் ஆடு அறுக்கும்போதெல்லாம் அன்னையின் தோழியருக்கு இறைச்சி அனுப்பி வைத்தார்கள். நாற்பது ஆண்டுகள் சந்தூக்கைச் சுமந்தவருடைய விதவை, தன் பேரனின் பள்ளிக் கட்டணத்துக்காக அதே சங்கத்தின் வாசலில் விண்ணப்பப் படிவத்தோடு வரிசையில் நிற்பது வஃபா ஆகாது. அப்படிப்பட்ட படிவங்களில் ‘பரிந்துரைப்பவர்’ என்றொரு கட்டமும் இருக்கிறது!

பெண்களைச் சொன்னதும் ஒரு கேள்வி எழுகிறது. பெண் மய்யித்தை யார் குளிப்பாட்டுகிறார்கள்? எல்லா ஊரிலும் இரண்டு மூன்று பெண்மணிகள் இருக்கிறார்கள். இலந்தை இலையும் கற்பூரமும் எவ்வளவு, ஐந்து கஃபன் துணிகளை எந்த வரிசையில் உடுத்துவது என்பதெல்லாம் அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. நள்ளிரவில் அழைத்தாலும் வருகிறார்கள். நபி (ஸல்) அவர்களின் மகளார் மறைந்தபோது குளிப்பாட்டிய பெண்களில் ஒருவரான உம்மு அதிய்யா (ரழி) அவர்களிடமிருந்துதான் இந்தச் சட்டங்களில் பெரும்பகுதியை உலகம் கற்றது. அவருடைய பெயர் ஹதீஸ் நூல்களில் நிலைத்துவிட்டது. நம் அலமாரியிலுள்ள மலர்களில் இப்பெண்மணிகளில் ஒருவர் பெயரைக்கூட நாம் காணவில்லை. அவர்கள் உறுப்பினர்களில்லை என்பது விளக்கம். அவர்கள் பர்தாவைப் பேணுகிறவர்கள், பெயர் போட்டால் விரும்பமாட்டார்கள் என்றும் சொல்வதுண்டு. அவர்களிடம் கேட்டார்களா என்றால், கேட்கவில்லை.

செய்ய வேண்டியது பெரிய காரியமன்று. சங்கத்தின் பழைய உறுப்பினர் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இன்று எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார், கடைசியாக யார் போய்ப் பார்த்தார் என்று எழுத வேண்டும். மவுத்தானவர் என்றால் அவருடைய வீட்டில் யார் இருக்கிறார் என்று எழுத வேண்டும். விலகிப்போனவர் என்றால், வேறு சங்கத்திலிருந்தாலும், அவரோடு முன்பு நெருக்கமாயிருந்த ஒருவர் பெயரைப் பக்கத்தில் குறிக்க வேண்டும். நோன்புப் பெருநாளுக்கு அவர் போகட்டும். குளிப்பாட்டுகிற பெண்மணிகளின் வீட்டுக்குச் சங்கத்தாரின் மனைவியர் போய்க் கேட்டு வரட்டும். வாட்ஸ்அப் குழுவில் ‘இன்னா லில்லாஹி’ என்று எழுதுவதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஷஅபானில் கஞ்சிக்கு அரிசி வசூலிக்க எப்படியும் எல்லாத் தெருவுக்கும் போகப்போகிறார்கள். அதற்கு முந்தைய வியாழன் இரவு, இஷாவுக்குப் பின், நான்கு பேர் உட்கார்ந்தால் முடிகிற வேலை. பதிவேடு சங்கத்தின் இரும்புப் பெட்டியில்தான் இருக்கும், சாவி செயலாளரிடம்.